புதன்கிழமைப் புறப்பாடு

1

1974ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 11ஆம் தேதி, திங்கட்கிழமை, மாலை நான்கு மணிக்குத் திருவள்ளூர் மாதர் சங்கத்தின் செயற்குழு, சங்கச் செயலாளர் அலர்மேல்மங்கையின் வீட்டுக் கூடத்தில் கூடியது. சங்கத்தின் ஆண்டு மலருக்கு யார் என்ன எழுதுவது என்று பங்கிட்டுக்கொள்வதே கூட்டத்தின் நோக்கம். நான் சற்றுத் தாமதமாகச் சென்றேன். அதற்குள் கோலம், ஊறுகாய், குழந்தை வளர்ப்பு, பக்தி ஆகிய நான்கும் கைப்பற்றப்பட்டுவிட்டன. மிச்சம் இருந்தது ஒரே தலைப்பு: காரில் பெட்ரோலைச் சிக்கனப்படுத்துவது எப்படி?

எனக்குக் கார் கிடையாது. ஓட்டவும் தெரியாது. பிறர் காரில் போனதுண்டு. அப்போதும் பின் இருக்கையில், இருவருக்கு நடுவில்தான்.

"உங்களைத் தவிர யாரும் இதை ஒழுங்கா எழுத மாட்டா, மாமி," என்றாள் அலர்மேல்மங்கை. "பெட்ரோல் வெலை ஏறினதுலேருந்து கார் இருக்கற ஆத்துலெல்லாம் இதே புலம்பல். நாலு பக்கம் போறும். உபயோகமா இருக்கணும்."

"எனக்கு அதுல ஒண்ணும் தெரியாதே, அலமேலு."

"தெரியாதவா எழுதினாத்தானே தெரியாதவாளுக்குப் புரியும்?"

இவ்வாதத்தில் எங்கோ ஒரு குறை இருப்பதாக எனக்கு உடனே தோன்றியது. அது எங்கே என்று நான் கண்டுபிடிப்பதற்குள் தீர்மானம் நிறைவேறிவிட்டது, போண்டாவும் வந்துவிட்டது.

இக்கதை பிறந்த வரலாறு இவ்வளவே. உயர்ந்த காரணம் எதையாவது எதிர்பார்த்த வாசகர்கள் என்னை மன்னிக்க வேண்டும். என்னிடமும் அது இல்லை.

2

முதல் தொடக்கம்: "மனிதனுக்கு இரத்தம் எத்தகையதோ, காருக்குப் பெட்ரோல் அத்தகையது." [கைவிடப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரில் எழுதத்தக்க வாக்கியம்.]

இரண்டாம் தொடக்கம்: "சக்கரங்களில் காற்றுக் குறையின் வண்டி தரையோடு இழுபடும், இழுபடும் வண்டியை நகர்த்த இன்ஜின் மிகுதியாக உழைக்கும், மிகுதியாக உழைக்கும் இன்ஜின்" [இங்கேயே நிறுத்தினேன். கூறியவை யாவும் உண்மை. படித்துப் பார்த்தபோது எனக்கே கொட்டாவி வந்தது.]

மூன்றாம் தொடக்கம்: "ஒரு ஊரில் ஒரு கார் இருந்தது." ["ஓர் ஊரில்" என்று திருத்தினேன். திருத்திய பிறகும் கார் இருந்த இடத்திலேயே இருந்தது.]

நான்காம் தொடக்கம்: "அம்புஜவல்லி கார்க் கதவைத் திறந்தாள்." [இதை விட்டுவைத்திருக்கிறேன். சிறந்த வாக்கியம் என்பதற்காக அன்று. அவள் எங்கே போகிறாள் என்று தெரிந்துகொள்ள எனக்கே ஆவல் உண்டாயிற்று. கட்டுரை கதையாக மாறியது இவ்விடத்தில்தான். செயலாளரிடம் இதை நான் உடனே தெரிவிக்கவில்லை.]

3

அம்புஜவல்லி கும்மிடிப்பூண்டிக்குப் போகிறாள். இரும்புக்குப் பூசும் பெயிண்ட் செய்யும் புதிய தொழிற்சாலை ஒன்றில் அவளுக்கு வேலை. பெயிண்ட் பூசிய தகடுகளை உப்புநீர்த் தூவலில் தொங்கவிட்டு, எதில் துரு எட்டிப் பார்க்கிறது என்று அவள் நாள்தோறும் சோதிக்க வேண்டும். திருவள்ளூர்ப் புக்ககத்தில் அவள் சொல்லி ஒரு கரண்டி இடம் மாறியதில்லை. கும்மிடிப்பூண்டியில் அவள் தலையசைக்காமல் ஒரு டின் வாயிலைத் தாண்டுவதில்லை. இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த எந்தப் பெண்ணும் அந்த வேலையை எளிதில் விடமாட்டாள்.

ஆனால், திருவள்ளூர் இருப்பது அரக்கோணம் ரயில் பாதையில். கும்மிடிப்பூண்டி இருப்பது கூடூர் ரயில் பாதையில். ரயிலில் போக வேண்டுமானால் சென்னைக்குப் போய் இறங்கி, வேறு ரயிலில் ஏறி, மீண்டும் வடக்கே வரவேண்டும். பஸ்ஸில் போனால் ஊருக்கு ஊர் மாற வேண்டும். போய்ச் சேரும்போது மதியச் சங்கு ஊதிவிடும். தாமரைப்பாக்கம், பெரியபாளையம், கவரைப்பேட்டை வழியாகக் காரில் போனால் மட்டுமே நேரத்தில் போய்ச் சேரலாம்.

ஆகவே, கார் இல்லையேல் வேலை இல்லை. வாசகர் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இக்கதையில் வேறெதையும் நினைவில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை.

கார் அவளுடையது அன்று; மாமனார் எம்பாருடையது. எம்பார் கோயில் கோஷ்டியில் பிரபந்தம் சேவிப்பவர், அதாவது ஆழ்வார் பாசுரங்களைக் குழுவோடு ஓதுபவர். பள்ளிப்பட்டு வெல்ல வியாபாரி ஒருவர், புதுக் கார் வாங்கிய மகிழ்ச்சியில், பழையதை இவருக்குச் சமர்ப்பித்துவிட்டார். அது எந்த நிறுவனத்தின் கார் என்று நான் சொல்லப்போவதில்லை. புகழ்ந்தால் விளம்பரம் என்பார்கள். இகழ்ந்தால் வக்கீலை அனுப்புவார்கள்.

பெட்ரோல் விலை ஏறியதும் எம்பார் மருமகளை அழைத்து ஒரு நிபந்தனை விதித்தார். தை மாதம் முழுதும் பார்ப்பது. வியாழக்கிழமை காலையில் ஊற்றும் அளவான பெட்ரோல் அடுத்த புதன்கிழமை இரவு வரை வரவேண்டும். ஒரு வாரம் குறைந்தாலும் காரை விற்றுவிடுவது. அவள் வேலையை விட்டுவிடுவது.

"சம்மதம்தானேம்மா?" என்று கேட்டார்.

"சம்மதம்ப்பா," என்றாள் அம்புஜவல்லி. வேறு விடைக்கு அக்கேள்வியில் இடம் விடப்படவில்லை.

(அடிக்குறிப்பு: "அவளுக்குக் கணவன் இல்லையா?" என்று கேட்பவர்களுக்கு: உண்டு. பெயர் தேவராஜன். முதல் வரைவில் அவன் பக்கத்துக்குப் பக்கம் வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, "அப்பா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். கதை நகரவில்லை. அவனைப் பிலாய் உருக்காலைக்கு மாற்றிவிட்டேன். அங்கே நலமாக இருக்கிறான்.)

4

ஓட்டுநர் முனுசாமி. வேப்பம்பட்டிலிருந்து காலையில் சைக்கிளில் வருவார். தம்மைவிடச் சிக்கனமாக ஓட்டுபவர் இந்த ஜில்லாவில் இல்லை என்று பிறர் சொல்லும்வரை காத்திராமல் தாமே சொல்லிவிடுபவர். முதல் வரைவில் அவர் பேசியது வருமாறு:

"அம்மையீர், சக்கரங்களில் காற்றழுத்தம் குன்றியுள்ளது. இஃது எரிபொருள் விரயத்துக்கு ஏதுவாகும்."

அலர்மேல்மங்கையிடம் இதைப் படித்துக் காட்டினேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏன் சிரிக்கறே? பிழை ஒண்ணும் இல்லையே."

"அதான் மாமி சிரிக்கறேன். முனுசாமி இப்படிப் பேசினா டயர்ல மிச்சம் இருக்கற காத்தும் போயிடும்."

அவளோடு சில நாள் நான் பேசவில்லை. பிறகு, ரயில் நிலையத்து வாசலில் டாக்ஸி ஓட்டுபவர்கள் நிற்குமிடத்துக்குப் போய், காய்கறி பேரம் பேசுபவள் போல நின்று, அவர்கள் பேச்சைக் கேட்டேன். அதன் பொருட்டுத் தேவையில்லாத முருங்கைக்காய் நிறைய வாங்க நேர்ந்தது. கிடைத்த பலன் வருமாறு:

"இன்னா சின்னம்மா, டயரப் பாத்தியா? காத்தே இல்ல. மணல்ல நடந்தா நமக்கு மூச்சு வாங்கல? அத்த மாரிதான் வண்டிக்கும். அதான் குடிக்குது."

"காத்து அடிச்சாச்சுன்னா சரியாயிடுமா?" என்று கேட்டாள் அம்புஜவல்லி.

"அது மட்டும் பத்தாதும்மா. கியரு மாத்தாம இழுத்துக்கினே போனா, குடிக்கும். கிளச்சு மேல காலு வச்சிக்கினே ஓட்டுனா, குடிக்கும். எவனாவது முந்திக்கினு போறான்னு ரோசத்துல மிதிச்சா, ரொம்பக் குடிக்கும்."

"வெள்ளிக்கெழமை பெரியபாளையத்துல நீங்க பஸ்ஸை முந்தினேளே?"

"அது ரோசம் இல்லம்மா. அவன் வுடற பொகையப் பாத்தல்ல? பின்னாடியே போய்க்கினு இருந்தா ஏர் ஃபில்டரு அடைச்சிக்கும். அடைச்சிக்கினா இன்னா ஆவும்?"

"குடிக்கும்," என்றாள் அம்புஜவல்லி.

"ஆங். சின்னம்மா கத்துக்கினாங்க."

அந்தத் தை மாதத்தில் செய்யப்பட்டவை பின்வருமாறு. [செயலாளர் கேட்ட உபயோகமான பகுதி இதுவே. கதை வேண்டாதவர்கள் இதை மட்டும் படித்துவிட்டு ஊறுகாய்ப் பக்கத்துக்குப் போகலாம்.] டயர்களுக்கு வாரந்தோறும் காற்று அடிக்கப்பட்டது. ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினார்கள். தாமரைப்பாக்கத்துப் புழுதி பாதி அதனுள் இருந்தது. பிளக்குகள் துடைக்கப்பட்டன. கார்புரேட்டரைத் திருகி அளவு வைத்தார்கள். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்ப இழுக்கும் சோக்கை, கிளம்பிய உடனே உள்ளே தள்ளினார்கள். கூரைமேல் சும்மா இருந்த இரும்புச் சட்டம் இறக்கப்பட்டது. மூன்று உற்சவங்களாக டிக்கியில் பயணம் செய்துகொண்டிருந்த புளியோதரை அண்டாவும் இறக்கப்பட்டது. அந்த அண்டா யார் வீட்டினது என்ற விசாரணை இன்னும் முடியவில்லை.

வேகம் மட்டாயிற்று. கவரைப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தால் முனுசாமி உடனே இன்ஜினை நிறுத்திவிடுவார். "ரயிலு வர்ற வரிக்கும் நாம எதுக்கும்மா எரியணும்?" என்பார்.

(அடிக்குறிப்பு: ஆற்றுப் பாலத்துச் சரிவில் அவர் கியரை விடுவித்து வண்டியை அதன் போக்கில் உருளவிடுவதும் உண்டு. வாசகர்கள் இதைச் செய்யற்க. ஒரு துளிப் பெட்ரோல் மிஞ்சும். ஆள் மிஞ்சுவது நிச்சயமில்லை.)

இவ்வளவு செய்தும், புதன்கிழமை மாலைதோறும் வண்டி கடைசி மூச்சில்தான் வீடு வந்து சேர்ந்தது. பெட்ரோல் எங்கே போகிறது என்று அம்புஜவல்லிக்கு விளங்கவில்லை. முனுசாமிக்கு விளங்கவில்லை. உண்மையைச் சொல்வதானால், அப்போது எனக்கும் விளங்கவில்லை. யாராவது திருடுகிறார்கள் என்று ஒரு பக்கம் எழுதினேன். [கிழித்துவிட்டேன். திருடன் என்று ஒருவனைக் கொண்டுவந்தால் அவனுக்கு ஒரு தாய், ஒரு நோய், ஒரு மனமாற்றம் எல்லாம் எழுத வேண்டிவரும்.]

5

விடை வீட்டு வாசலிலேயே இருந்தது. அதை விளக்குவதற்கு எம்பாரின் காலைப் பொழுதைச் சொல்லியாக வேண்டும்.

திங்கட்கிழமை காலை ஏழரை முதல் ஒன்பது வரை ராகுகாலம். புதன்கிழமை அதே நேரம் எமகண்டம். இவ்வேளைகளில் அவ்வீட்டிலிருந்து யாரும் எதற்கும் புறப்படலாகாது. அம்புஜவல்லியோ ஏழே முக்கால் வாக்கில் புறப்பட்டாக வேண்டும். ஏழு இருபதுக்கே கிளம்பிவிடலாமே என்றால், அதுவும் இயலாது. வீட்டுப் பெருமாளுக்கு எம்பார் ஆராதனை முடித்துத் தளிகையைக் கண்டருளப்பண்ணிய பிறகே, அதாவது சமைத்ததை நைவேத்தியம் செய்த பிறகே, அவள் சாப்பாட்டுப் பெட்டியில் சாதம் விழும். ஆராதனை ஏழே முக்காலுக்கு முன் முடிந்ததில்லை. ஆக, புறப்படச் சொல்பவரும் எம்பார்; புறப்பட விடாதவரும் எம்பார்.

இந்தச் சிக்கலுக்கு எம்பாரே ஒரு வழி கண்டிருந்தார். அந்த இரு நாட்களிலும் ஏழு இருபதுக்கு ஆராதனையின் நடுவே எழுந்து வாசலுக்கு வருவார்.

"முனுசாமி, எடு."

முனுசாமி இன்ஜினைக் கிளப்பி, சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும் அளவுக்கு வண்டியை முன்னே நகர்த்துவார். அவ்வளவுதான், நல்ல வேளையில் புறப்பாடு ஆகிவிட்டது. எம்பார் உள்ளே போய் ஆராதனையைத் தொடர்வார். புறப்பட்ட வண்டி வாசலிலேயே நின்று உறுமிக்கொண்டிருக்கும், அம்புஜவல்லி வரும் வரை. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறதல்லவா? ஆகவே அவள் எப்போது ஏறினாலும் அது தொடர்ந்த பயணமே. புதிதாகப் புறப்பட்டது ஆகாது.

கார் வந்த நாள்முதல் இதுதான் வழக்கம். இதை ஒருவரும் பெட்ரோலோடு சேர்த்து எண்ணியதில்லை. வண்டி ஓடவில்லையே, நிற்கிறது; நிற்கும் வண்டி என்ன செலவழிக்கும்?

இங்கே வாசகர் கையை உயர்த்துவார். ரயில்வே கேட்டில் இன்ஜினை நிறுத்தும் முனுசாமிக்கு இதுகூடவா தெரியாது? நியாயமான கேள்வி. இக்கேள்வியால் நான் இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். முனுசாமியை அறியாதவராக்கினால் பொய். அறிந்தும் ஏமாற்றுபவராக்கினால் அதைவிடப் பெரிய பொய். அவரை நீக்கிவிட்டு வேறோர் ஓட்டுநரை வைக்கலாமா என்றும் யோசித்தேன். இவ்வளவு முருங்கைக்காய் வாங்கிய பிறகு அது முறையன்று என்று தோன்றியது. ஆகவே கேள்வியை எம்பாரிடமே விட்டுவிட்டேன். அவர் கேட்பார்.

6

தை மாதத்தின் கடைசிப் புதன்கிழமை. அன்று வீட்டில் ஓர் ஆசாரியருடைய திருநட்சத்திரம், அதாவது பிறந்தநாள் விழா. எந்த ஆசாரியர் என்று எழுதினால், பஞ்சாங்கத்தோடு வந்து என்னைத் திருத்துபவர்கள் இவ்வூரில் உண்டு, ஆகவே எழுதவில்லை. ஆராதனை நீண்டுகொண்டே போயிற்று. ஏழு இருபதுக்குக் கிளப்பிய வண்டி எட்டு அடித்த பிறகும் வாசலில் உறுமிக்கொண்டிருந்தது.

சாப்பாட்டுப் பெட்டியோடு அம்புஜவல்லி வாசற்படி தாண்டி வந்து, காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். வண்டி இருமியது. மீண்டும் ஒருமுறை இருமியது. நின்றுவிட்டது.

முனுசாமி இறங்கிப்போய் டாங்கின் மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டு எடுத்துப் பார்த்தார். குச்சி காய்ந்திருந்தது.

"காலி, சின்னம்மா."

"சுத்தமாவா?"

"தொடைச்சி வச்ச மாரி கீது."

சத்தம் நின்றதைக் கேட்டு எம்பார் வெளியே வந்தார். பின்னாலேயே அவர் மனைவி செங்கமலவல்லியும் வந்தார்.

"ஏன் நின்னுடுத்து?"

"பெட்ரோல் தீர்ந்துடுத்துப்பா," என்றாள் அம்புஜவல்லி.

"இன்னிக்கு ராத்திரி வரைக்கும் வரணுமே."

"வரலை."

எம்பார் சொல்ல வேண்டியதை ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லியிருந்தார்.

"அப்போ, பேசினபடி..."

"அதைச் சாயங்காலம் பேசிக்கலாம்ப்பா. முனுசாமி போய் பெட்ரோல் வாங்கிண்டு வரட்டும். நான் இப்போ போயாகணும். லாரி வந்து நிக்கும். நான் பார்த்துச் சொன்னாத்தான் சரக்கு ஏத்துவா."

"இப்போ எப்படிம்மா போவே? இன்ஜின் அணைஞ்சுடுத்து, புறப்பாடு கலைஞ்சுடுத்து. மறுபடி எடுத்தா எமகண்டத்துல எடுத்ததா ஆகும். ஒம்பது அடிக்கட்டும். அதுவரைக்கும் உள்ளே வந்து உக்காரு."

"வாசப்படி தாண்டிட்டேனேப்பா. திரும்பி உள்ளே வரலாமா?"

வரலாகாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவரே எம்பார்தான்.

"நன்னா இருக்கு," என்றார் செங்கமலவல்லி. "வெளியேயும் போகப்படாது, உள்ளேயும் வரப்படாது. நடுவீதில குடித்தனம் வெச்சுக் குடுத்துடுங்கோ அவளுக்கு."

அவர் உள்ளே போய்க் காபி கொண்டுவந்து கார் ஜன்னல் வழியாக நீட்டினார். முனுசாமி தகரக் கேனை சைக்கிளில் மாட்டிக்கொண்டு பெட்ரோல் பங்குக்குப் போனார். அம்புஜவல்லி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், வாசலில் நிற்கும் மாமனாரைப் பார்த்தாள். மாலையில் பேசலாம் என்று சொன்னாளே தவிர, மாலையில் பேச ஒன்றும் மிச்சம் இருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

"அப்பா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"பெருமாள் புறப்பாடு ஆகி வீதில வந்துண்டு இருக்கார். மண்டகப்படில நிக்கறார். அப்போ ஸ்ரீபாதம் தாங்கிகள் என்ன பண்ணுவா?"

பெருமாளைத் தோளில் சுமந்து வருபவர்களுக்கு அப்பெயர்.

"என்ன பண்ணுவா? கட்டை குடுப்பா."

நிற்குமிடத்தில், சுமக்கும் தண்டுக்கு அடியில் கவைக் கோலை ஊன்றிப் பாரத்தை அதன்மேல் நிறுத்துவதற்குக் கட்டை கொடுப்பது என்று பெயர்.

"தோள்லயே வெச்சுண்டு நிக்க மாட்டாளா?"

"எதுக்கு நிக்கணும்? தோள் என்னத்துக்கு ஆகும்?"

"கட்டை குடுத்தா புறப்பாடு கலைஞ்சுடாதா?"

"என்ன பேத்தறே? எப்படிக் கலையும்? பெருமாள் கீழ இறங்கலையே. அரை நாழி நின்னாலும் அது புறப்பாடுதான்."

சொல்லி முடித்த பிறகுதான், தாம் யாருக்கு, எதற்கு விடை சொல்லிவிட்டோம் என்பது எம்பாருக்கு எட்டியது.

"வண்டியும் இறங்கலையேப்பா. ஏழு இருபதுக்கு நகர்ந்த எடத்துலதான் நிக்கறது. சத்தம் மட்டும்தான் இல்லை."

"அது வேற, இது வேற."

"எப்படி வேற?"

எம்பார் தூணைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். யோசிக்கும்போது அவரை யாரும் குறுக்கிடக்கூடாது என்பது அவ்வீட்டு விதி. செங்கமலவல்லி குறுக்கிட்டார்.

"கட்டை குடுத்துட்டு அவா வெத்தலை போட்டுக்கறா. கதை பேசறா. நான் பார்க்காததா? இந்த வண்டி ஒண்ணுதான் வந்த நாளா கட்டையே இல்லாம சுமந்துண்டு நிக்கறது."

முனுசாமி கேனோடு திரும்பி வந்தார். எம்பார் அவரை நிறுத்தினார்.

"முனுசாமி, வண்டி நிக்கறச்சே பெட்ரோல் செலவாகுமா?"

"பின்ன, ஆவாதா சாமி?"

"நெறையவா?"

"இன்னிக்கு நின்ன நேரத்துக்குத் தாமரைப்பாக்கம் போய்க்கினு இருந்திருக்கலாம் சாமி."

"அப்போ இத்தனை நாள் ஏன் சொல்லலை? டயர்ங்கறே, கிளச்சுங்கறே. இதைச் சொல்ல வேண்டாமா?"

முனுசாமி கேனைக் கீழே வைத்தார். முகத்தில் உண்மையான வருத்தம்.

"ஓட்டுறதுல போனா அது என் கணக்கு சாமி. இது புறப்பாட்டுக்கு எரியறது. கோயில்ல வெளக்கு எரியுது. எத்தினி மைலு குடுத்துச்சின்னு அந்த எண்ணெயப் போய்க் கேப்பாங்களா?"

இரண்டு நாள் நான் எழுதாமல் இருந்தது இந்த விடைக்குத்தான் போலும்.

எம்பார் வானத்தைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், மருமகள் கையில் ஆறிப்போன காபியைப் பார்த்தார்.

"ஊத்து," என்றார் முனுசாமியிடம். "எமகண்டத்துல எடுத்ததா ஆகாது. கட்டையை எடுத்துட்டு நடக்கறதாத்தான் ஆகும்." பிறகு மருமகளிடம், "ஜாக்கிரதையா போயிட்டு வா," என்றார்.

7

கதை இங்கே முடிந்துவிட்டதா என்று செயலாளர் கேட்டாள். தெரியவில்லை என்றேன். தெரிந்தவர்கள் எழுதியிருந்தால் தெரிந்திருக்கும் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

முதல் முடிவு (அலர்மேல்மங்கை விரும்புவது): குறிப்புகளையெல்லாம் பின்பற்றியதால் வண்டி ஏராளமாக மைல் கொடுக்கிறது. எல்லாரும் சிரித்துக்கொண்டே சோளிங்கர் போகிறார்கள். [இது பொய். குறிப்புகளையெல்லாம் பின்பற்றிய பிறகுதான் வண்டி நின்றது.]

"அப்போ குறிப்புகளால பிரயோஜனமே இல்லைன்னு ஆயிடும், மாமி. மலரை யார் வாங்குவா?"

"பிரயோஜனம் உண்டும்மா. அதெல்லாம் செய்யாம இருந்திருந்தா செவ்வாய்க்கெழமையே நின்னிருக்கும்."

"அதைப் போடுங்கோ. அது நன்னா இருக்கு."

போட்டிருக்கிறேன்.

இரண்டாம் முடிவு (என் இயல்புக்கு ஏற்றது): நிபந்தனை நிபந்தனையே. கார் விற்கப்படுகிறது. அம்புஜவல்லி இரண்டு ரயில் ஏறிப் போகிறாள். ஒரு மாதத்தில் களைத்துப்போய் வேலையை விடுகிறாள். [எழுதி முடித்துப் படித்தேன். ஒழுங்காக இருந்தது, ஒற்றுப்பிழை ஒன்றும் இல்லை. அவளுக்கு அதைச் செய்ய எனக்குக் கை வரவில்லை.]

மூன்றாம் முடிவு (முற்போக்கானது): எம்பார் மனம் மாறி எமகண்டத்தையே கைவிடுகிறார். [நாற்பது ஆண்டுப் பழக்கத்தை நாலு பக்கத்தில் விடச் சொல்ல நான் யார்? வெள்ளிக்கிழமை பத்தரைக்குப் பிறகு நானே தபால் பெட்டி வரை போவதில்லை. இக்கதையின் கையெழுத்துப் படியும் ஒரு வெள்ளிக்கிழமை வீட்டிலேயே காத்திருந்தது.]

இம்மூன்றும் வேண்டாம். அன்று மாலை அவ்வீட்டில் தீர்மானிக்கப்பட்டதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

8

அம்புஜவல்லி அன்று பத்து மணிக்குப் பிறகே தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தாள். லாரி காத்திருந்தது. மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். மாலையில் அவள் வீடு திரும்பி, கால் கழுவி உள்ளே வந்ததும், எம்பார் கூடத்தில் உட்கார்ந்து பேசினார்.

கார் விற்கப்படவில்லை. அவள் வேலையை விட வேண்டியதில்லை. திங்கட்கிழமையும் புதன்கிழமையும் ஏழு இருபதுக்கு வண்டியை எடுத்து, அடுத்த வீட்டைத் தாண்டி நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட வேண்டும். சக்கரத்துக்கு ஒரு கல் வைக்க வேண்டும். அம்புஜவல்லி வந்ததும் கல்லை எடுத்துவிட்டுப் போகலாம். அவ்விரு நாட்களிலும் ஆராதனையைச் சற்று முன்னதாகத் தொடங்குவதாக எம்பார் சொன்னார். முடிப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

தை மாதத்துக் கணக்கு தள்ளுபடி செய்யப்பட்டது. மறுநாள் வியாழக்கிழமை ஊற்றும் பெட்ரோலிலிருந்து மாசி மாதத்துக்குப் புதிதாகக் கணக்குப் பார்ப்பது என்று எம்பார் முடிவு செய்தார்.

"இன்னும் என்னத்துக்குக் கணக்கு?" என்று கேட்டார் செங்கமலவல்லி. "அவ வேலைக்குப் போகலாமா வேண்டாமான்னு பெட்ரோலைப் போய்க் கேப்பாளா யாராவது?"

அதைப் பற்றி அன்று தீர்மானம் எதுவும் ஆகவில்லை. வாசகர் செய்துகொள்ளலாம்.